ஃபைனலுக்குத் திரும்பும் அந்தப் பத்து விநாடி

“லேண்டிங் மட்டும் கைக்கு வரமாட்டேங்குது சார்.”

பறக்கக் கற்றுக்கொள்பவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஃபிளேர் சீக்கிரம் செய்துவிட்டேன், தாமதமாகிவிட்டது, பவுன்ஸ் ஆகிவிட்டது என்று பேச்செல்லாம் சக்கரம் தரையைத் தொடும் நேரத்தைப் பற்றியே இருக்கும். நான் பதிலுக்குக் கேட்பது வேறு. “பேஸில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? ஃபைனலுக்குத் திரும்பும்போது ஸ்பீட் எவ்வளவு இருந்தது?” பெரும்பாலும் பதில் வராது.

அந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்து பறப்பவர்களுக்கு ஃபிளேர் சீக்கிரமே பழகிவிடுகிறது. சரியான வேகத்தில், ஓடுபாதையின் நேர்க்கோட்டில், அவசரமில்லாமல் வந்து சேர்ந்த விமானத்தை இறக்குவது பெரிய வித்தை இல்லை. கோணலாக, கூடுதல் வேகத்தில், பதற்றத்தோடு வந்த விமானத்தை நன்றாக இறக்குவது அனுபவசாலிக்கே சிரமம்.

ஆகவே இந்தப் பதிவு முழுக்க ஒரே ஒரு திருப்பத்தைப் பற்றியது. பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும் அந்த 90 டிகிரி. நல்ல லேண்டிங் அங்கேதான் உருவாகிறது. சிறு விமானங்களில் உயிர் போகும் விபத்துகளில் ஒரு வகை, திரும்பத் திரும்ப நடக்கும் வகை, அதுவும் அங்கேதான் உருவாகிறது. மாணவர்களும் தனியார் பைலட் லைசென்ஸ் வைத்திருப்பவர்களும் இதைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

காற்று டவுன்விண்டிலேயே சொல்லிவிடுகிறது

கிழக்குக் கடற்கரையில் வடக்கு தெற்காக ஓர் ஓடுபாதை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோடைக்காலம், மதியம் தாண்டிவிட்டது, கடற்காற்று உள்ளே வந்துவிட்டது. நீங்கள் 18-இல் இறங்கப் போகிறீர்கள், அதாவது தெற்கு நோக்கி. இடது சர்க்யூட்.

டவுன்விண்டில் வடக்கு நோக்கிப் பறக்கிறீர்கள். ஓடுபாதை இடது பக்கம், கடல் வலது பக்கம். கடற்காற்று வலப்புறத்திலிருந்து உங்களை ஓடுபாதையை நோக்கித் தள்ளுகிறது. கவனிக்காமல் விட்டால் டவுன்விண்ட் முடியும்போது ஓடுபாதைக்கு மிக அருகில் வந்துவிடுவீர்கள். அடுத்து இடப்பக்கம் திரும்பி பேஸ். இப்போது முகம் மேற்கே, காற்று முதுகில். ஏற்கெனவே குறுகிப்போன பேஸை, பின்காற்றோடு வழக்கத்தைவிட வேகமாகக் கடக்கிறீர்கள். ஃபைனலுக்குத் திரும்பத் தொடங்கும்போதே காலம் கடந்துவிட்டது. மூக்கு ஓடுபாதையின் திசைக்கு வரும்போது விமானம் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டது.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு. 70 நாட் வேகத்தில் 30 டிகிரி பேங்க் வைத்தால் 90 டிகிரி திரும்பச் சுமார் 10 விநாடி ஆகும். 10 நாட் காற்று என்பது விநாடிக்கு 5 மீட்டர். திரும்பி முடிப்பதற்குள் காற்று உங்களை 50 மீட்டர் தள்ளிவிடும். சிறிய விமான நிலையங்கள் பலவற்றில் ஓடுபாதையின் அகலமே 30 மீட்டர்தான். பயந்து 20 டிகிரி பேங்க் மட்டும் வைத்தால் திருப்பத்துக்கு 16 விநாடி, தள்ளல் 80 மீட்டர்.

நல்ல சேதி என்னவென்றால், இது எதுவும் திடீரென்று வருவதில்லை. டவுன்விண்டிலேயே தெரிந்துவிடும். ஓடுபாதைக்கு இணையாகப் போக மூக்கை வெளிப்பக்கம் வைக்க வேண்டியிருக்கிறதா? அப்படியென்றால் பேஸில் பின்காற்று. உடனே இரண்டு முடிவு எடுக்கலாம்: டவுன்விண்டைக் கொஞ்சம் அகலமாக்குவது, ஃபைனல் திருப்பத்தை வழக்கத்துக்கு முன்னாலேயே தொடங்குவது. சீக்கிரம் தொடங்கிய திருப்பத்தில் பேங்கைக் குறைத்துச் சமாளிக்கலாம். தாமதமாகத் தொடங்கியதைச் சமாளிக்க வழி கிடையாது.

இன்னொரு பொறியும் இந்தப் பின்காற்றுக்குள் இருக்கிறது. பேஸில் கீழே தரை வேகமாக ஓடுவது கண்ணில் படும். “அதிக ஸ்பீடில் போகிறோம்” என்று மனம் சொல்லும், கை தானாக மூக்கைத் தூக்கும். விமானத்துக்குத் தரை தெரியாது, காற்று மட்டும்தான் தெரியும். பேஸில் ஒருமுறை, திருப்பத்தின் நடுவில் ஒருமுறை ஏர்ஸ்பீட் இண்டிகேட்டரைப் பார்த்தே தீர வேண்டும்.

கால் செய்கிற காரியம்

நடுக்கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். உயரம் 400, 500 அடி. மூக்கு இன்னும் ஓடுபாதைப் பக்கம் வரவில்லை. இந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

தரை பக்கத்தில் இருப்பதால் பேங்கை அதிகமாக்கப் பயம். மூக்கோ திரும்பியாக வேண்டும். இடது கால் ரட்டரை அழுத்துகிறது. பலருக்குத் தாங்கள் அழுத்துவதே தெரியாது. டாக்ஸி செய்யும்போது காலால்தான் திருப்பினோம், அந்தப் பழக்கம் பதற்றத்தில் எட்டிப் பார்க்கிறது.

மூக்கு கொஞ்சம் உள்ளே வருகிறது, வேலை செய்வதுபோல் தெரிகிறது. ஆனால் ரட்டரால் திருப்பும்போது வெளிப்பக்க இறக்கை வேகமாகச் சுற்றுகிறது, அதன் லிஃப்ட் கூடுகிறது, பேங்க் தானாக அதிகமாகிறது. நீங்கள் விரும்பாத பேங்க். அதைத் தடுக்கக் கன்ட்ரோலை வலப்பக்கம் திருப்புகிறீர்கள். இப்போது இடது இறக்கையின் ஏலரான் கீழே இறங்கியிருக்கிறது. அந்த இறக்கை மெதுவாகச் செல்கிறது, அதன் தாக்குகோணமும் கூடிவிட்டது. அதே நேரம் மூக்கு தாழ்கிறது. தரை கண்ணாடியை நிறைக்கிறது. கை பின்னால் இழுக்கிறது.

இடது கால், வலது ஏலரான், பின்னுக்கு இழுத்த கன்ட்ரோல். ஸ்பின்னுக்குள் போக ஒரு விமானத்துக்கு வேறென்ன வேண்டும்? உள்பக்க இறக்கை முதலில் ஸ்டால் ஆகிறது, விமானம் அந்தப் பக்கமே கவிழ்கிறது. செஸ்னா 152 போன்ற பயிற்சி விமானத்தில் ஒரு சுற்று ஸ்பின் ஆகி மீண்டு வரவே சுமார் 1000 அடி தேவை. நம்மிடம் இருப்பது 500.

இதைச் செய்பவர்கள் மோசமான பைலட்டுகள் இல்லை. ஒவ்வொரு அசைவும் அந்த நொடியில் நியாயமாகத் தோன்றும் அசைவு. அதனால்தான் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. விதி ஒன்றுதான்: நடுக்கோட்டைத் தாண்டிய திருப்பத்தைக் காலால் சரிசெய்யக் கூடாது. பேங்க் 30 டிகிரிக்கு மேல் தேவைப்பட்டால் அந்த அப்ரோச் முடிந்துவிட்டது. இறக்கைகளை மட்டமாக்கி, முழு பவர் கொடுத்து, மேலே ஏறி, மறுபடி வாருங்கள்.

டர்ன் கோஆர்டினேட்டரின் பந்து இதற்காகத்தான் இருக்கிறது. ரட்டரால் உள்ளே தள்ளும் திருப்பத்தில் பந்து வெளிப்பக்கம் ஓடும். பந்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கக் காலை அழுத்தினால் நடுவுக்கு வந்துவிடும். முதலில் பந்தைப் பார்த்துப் பழகுங்கள். நாளடைவில் உட்காரும் இடமே சொல்லும். உடம்பு திருப்பத்தின் வெளிப்பக்கம் சாய்ந்தால் உள்கால் அதிகம் அழுத்துகிறது என்று பொருள்.

30 டிகிரி, 45 டிகிரி, இழுக்கும் கை

உயரம் குறையாமல் 30 டிகிரி பேங்கில் திரும்பினால் ஸ்டால் வேகம் சுமார் 7 சதவீதம் கூடும். 45 டிகிரியில் 19 சதவீதம். 60 டிகிரியில் 41 சதவீதம், எடையும் இரட்டிப்பு. பாடப்புத்தகத்தில் உள்ளதுதான், எல்லோருக்கும் மனப்பாடம்.

ஆனால் இந்த எண்களிலிருந்து பலர் “பேங்க் ஆபத்து” என்று மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பயம்தான் அவர்களைக் காலால் திருப்ப வைக்கிறது. ஸ்டால் வேகத்தைக் கூட்டுவது பேங்க் இல்லை, அந்தப் பேங்கில் உயரத்தைப் பிடித்துவைக்கக் கை இழுக்கிறதே, அந்த இழுப்பு. வுல்ஃப்கேங் லாங்கெவீஷா 1944-இல் எழுதிய ‘ஸ்டிக் அண்ட் ரட்டர்’ புத்தகம் மையமாக வைத்திருப்பது தாக்குகோணத்தைத்தான். 80 வருடம் ஆகியும் பயிற்சி மையங்களில் அந்தப் புத்தகத்தைப் பரிந்துரைக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. ஃபைனல் திருப்பத்தில் நாம் எப்படியும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். மூக்கை அதன் இடத்தில் விட்டு, இழுக்காமல், 25 அல்லது 30 டிகிரி பேங்கில் பந்தை நடுவில் வைத்துத் திரும்பினால் அது மிகவும் பாதுகாப்பான திருப்பம்.

வேகத்தை எங்கிருந்து எடுப்பது

அப்ரோச் வேகம் ஸ்டால் வேகத்தைப்போல் 1.3 மடங்கு என்று படித்திருப்பீர்கள். சிலர் ஏர்ஸ்பீட் இண்டிகேட்டரின் வெள்ளை வளைவு தொடங்கும் இடத்தை 1.3-ஆல் பெருக்கிக்கொள்கிறார்கள். செஸ்னா 172எஸ்-இல் இதைச் செய்து பாருங்கள். முழு ஃபிளாப்பில் ஸ்டால் 40 நாட். பெருக்கினால் 52. ஆனால் விமானத்தின் கையேடு குறுகிய ஓடுபாதைக்கே 61 நாட் என்கிறது. எங்கே இடிக்கிறது?

மெதுவான வேகத்தில், மூக்கு தூக்கிய நிலையில், கருவி குறைவாகக் காட்டும். அந்த 40 நாட்டைத் திருத்திப் பார்த்தால் உண்மையில் 48. அதை 1.3-ஆல் பெருக்கினால் 62. கையேடு சரி, நம் மனக்கணக்குதான் 9 நாட் குறைவு. ஆகவே எண்ணைக் கையேட்டிலிருந்து எடுங்கள், நீங்கள் பறக்கும் அதே மாடலின் கையேட்டிலிருந்து. அந்த எண்ணும் முழு எடைக்கானது. தனியாகப் பறக்கும்போது எடை 10 சதவீதம் குறைந்தால் ஸ்டால் வேகம் சுமார் 5 சதவீதம் குறையும்.

“பயமாக இருக்கு, பத்து நாட் கூட வைத்துக்கொள்கிறேன்” என்பதும் தீர்வு இல்லை. வேகம் 10 சதவீதம் கூடினால் விமானத்தின் சக்தி 21 சதவீதம் கூடும். அந்தச் சக்தி எங்கேயாவது செலவாகியாக வேண்டும். 172-இன் இறக்கை நீளம் 11 மீட்டர். அந்த உயரத்துக்குக் கீழே வந்ததும் தரை விளைவு தாங்கிப் பிடிக்க, விமானம் இறங்காமல் மிதந்துகொண்டே போகும். ஓடுபாதை கரைகிறதே என்று பொறுமை இழந்து கன்ட்ரோலை முன்னுக்குத் தள்ளினால் மூக்குச் சக்கரம் முதலில் மோதும், துள்ளும். 172-களில் இப்படி மூக்குச் சக்கரத்தை இடித்து இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் ஃபயர்வால் மடிந்துபோவது மெக்கானிக்குகள் நன்றாக அறிந்த சேதம். காற்று குத்துக்குத்தாக வீசினால் அந்தக் குத்தின் அளவில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள், அது போதும்.

நம் வெயிலில்

கடல் மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ் என்பதுதான் செயல்திறன் கணக்குகளின் தொடக்கப் புள்ளி. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அடர்த்தி உயரம் சுமார் 120 அடி ஏறும். மே மாதச் சென்னையில் 40 டிகிரி என்று வையுங்கள். 25 டிகிரி கூடுதல், அதாவது 3000 அடி. கடற்கரையில் நின்றுகொண்டிருக்கும் விமானம் 3000 அடி மலைமேல் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. டர்போ இல்லாத இன்ஜின் 1000 அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும். சுமார் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. உண்மையான வேகமும் கூடும், கருவி 65 காட்டும்போது காற்றில் 68 அல்லது 69 நாட்டில் போய்க்கொண்டிருப்பீர்கள். திருப்பத்தின் ஆரம் பெரிதாகும், ஓடுபாதை கூடுதலாகத் தேவைப்படும். அப்ரோச் வேகத்தை இதற்காக மாற்ற வேண்டாம். மாற்ற வேண்டியது உங்கள் முடிவின் நேரத்தை. இளைத்த இன்ஜினோடு மேலே ஏறுவதாக இருந்தால் அந்த முடிவைச் சீக்கிரம் எடுங்கள்.

கோ-அரவுண்ட் என்பதும் ஒரு மேனுவர்

பெரிய ஜெட் விமானங்களில் நல்ல வானிலையிலும் 500 அடிக்குள் எல்லாம் நிலைப்பட்டிருக்க வேண்டும் என்பது பல ஏர்லைன்களின் விதி. நம் சிறு விமானத்துக்கு நான் 300 அடியை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அந்த உயரத்தில் மூன்று கேள்வி. நடுக்கோட்டில் இருக்கிறேனா? ஸ்பீட் சரியா? இறங்கும் புள்ளி கண்ணாடியில் அசையாமல் இருக்கிறதா? புள்ளி மேலே ஏறினால் குட்டையாக விழப் போகிறோம், கீழே இறங்கினால் தாண்டிப் போகப் போகிறோம். மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் “லேண்டிங்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒன்று குறைந்தாலும் “கோயிங் அரவுண்ட்”. யோசனையைக் கடைசி நொடிகள் வரை தள்ளிப்போட வேண்டாம்.

செய்முறையை மேலே பழகியிருக்க வேண்டும், ஏனென்றால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஃபைனலில் மெதுவாக வருவதற்காக ட்ரிம்மை மூக்கு தூக்கும் பக்கம் வைத்திருப்போம். முழு பவர் கொடுத்ததும் மூக்கு வேகமாக எழும்பும், இடப்பக்கமும் இழுக்கும். கன்ட்ரோலை முன்னுக்கு நன்றாகத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கும், வலது காலும் தேவைப்படும். இதை எதிர்பார்க்காதவர்கள் அங்கேயே ஸ்டால் வரை போய்விடுவார்கள். கார்புரேட்டர் உள்ள இன்ஜின் என்றால் கார்ப் ஹீட்டைக் குளிர் நிலைக்குத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் முழு சக்தி கிடைக்காது. ஃபிளாப்பை ஒரே மூச்சில் உள்ளே இழுத்தால் விமானம் சட்டென்று அமுங்கும். 172எஸ்-இல் முதலில் 30-லிருந்து 20-க்கு. ஸ்பீட் வந்து, ஏற்றம் நிலைத்தபின் படிப்படியாக மிச்சம். ரேடியோவில் பேசுவது கடைசி வேலை. டவர் கூப்பிட்டால் காத்திருக்கட்டும், அவர்களுக்கும் இது தெரியும்.

லைசென்ஸ் வாங்கியபின் இது இன்னும் கடினமாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாணவராக இருக்கும்போது பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்து “போ, மறுபடி ஏறு” என்பார். பிறகு பக்கத்துச் சீட்டில் மனைவி, பின்சீட்டில் மாமனார். முதல்முறை உங்களோடு பறக்கிறார்கள். மறுபடி மேலே ஏறினால் இவனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒரு கூச்சம். கிளம்பும் முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்: “இறங்கும்போது சரியாக அமையலைன்னா திரும்ப மேலே போய்ச் சுத்தி வருவேன் மாமா, அது சாதாரணம்தான்.” இந்த ஒரு வாக்கியம் அந்தக் கூச்சத்தைத் தரையிலேயே விட்டுவிட உதவும்.

அடுத்த முறை பறக்கும்போது

இன்ஸ்ட்ரக்டரைக் கூட்டிக்கொண்டு 4000 அடிக்குப் போங்கள். அங்கே ஓர் உயரத்தைத் தரை என்று வைத்துக்கொண்டு, முழு ஃபிளாப்பில் அப்ரோச் வேகத்தில் இறங்கி, கோ-அரவுண்ட் செய்து பாருங்கள். எத்தனை அடி இழக்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ட்ரிம் எவ்வளவு எதிர்க்கிறது என்பது கைக்குத் தெரியட்டும். ஸ்பின்னுக்கு அனுமதியுள்ள விமானமும், அதற்கான எடை வரம்பும், அதில் பயிற்சி பெற்ற இன்ஸ்ட்ரக்டரும் கிடைத்தால், உள்கால் அழுத்திய திருப்பத்தில் ஸ்டால் எப்படி வருகிறது என்று ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். தனியாக இதை முயற்சி செய்யவே கூடாது. ஒருமுறை பார்த்தவர்களின் கால் அதற்குப் பிறகு ஃபைனல் திருப்பத்தில் தவறாக நீள்வதில்லை.

பிறகு சர்க்யூட்டுக்கு வாருங்கள். டவுன்விண்டில் காற்றின் பக்கத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். 300 அடியில் முடிவைச் சத்தமாகச் சொல்லுங்கள். நன்றாக வந்துகொண்டிருக்கும் அப்ரோச்சையும் அவ்வப்போது வேண்டுமென்றே கைவிட்டு மேலே ஏறுங்கள், அது பழக்கமான ஒன்றாக இருக்கட்டும். நீங்கள் கோ-அரவுண்ட் செய்ததற்காகக் குறை சொல்லும் இன்ஸ்ட்ரக்டர் வாய்த்தால், தயங்காமல் இன்ஸ்ட்ரக்டரை மாற்றுங்கள்.